தொடர, ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும்

மேரி அக்கா பதிவு செய்தார். அந்தப் பதிவைத் தொலைத்தவன் நான்.

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்கு நானே வக்கீலாகிவிடுவேன். அந்த வேலையில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. தொலைத்தேன். தொலைந்தது என்று அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு பெண் இறந்தார். இன்னொரு பெண் அந்தப் பழியைச் சுமந்தார்... இன்றும் சுமக்கிறார். நான் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டு, மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, நன்றாகத்தான் இருக்கிறேன்.

நீங்கள் யாரோ. என்னை உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்களிடம் சொல்ல ஆறு வருடமாக முயன்று... சீ! முயன்றேன் என்பதே பொய். ஒரு நாளும் முயலவில்லை.

ஊருக்குள் ஒரு தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். அதன் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. நோயாளியின் பெயர், வியாதி, மருந்து, எல்லாம் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில், ஒரே ஒரு சர்வரில் இருந்தது. முன்பக்கக் கவுன்ட்டரில் மேரி அக்கா உட்கார்ந்து அதில் ஏற்றுவார். பதினோரு வருடமாக அந்த நாற்காலி அவருடையது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. நோயாளி சொல்வதை முதலில் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார்கள். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். திரையில் 'பதிவானது' என்று பச்சை டிக் வந்ததும் சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட வேண்டும். காகிதம் சேரக்கூடாது என்பது பெரிய டாக்டரின் கட்டளை. மேரி அக்கா டிக்கைப் பார்க்காமல் ஒரு சீட்டையும் கிழித்ததில்லை. இதை நானே பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அந்த ஆண்டு கோடையில் சர்வர் மந்தமாகிவிட்டது. ஒரு பெயரைத் தட்டினால் திரையில் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். டோக்கன் வாங்கியவர்கள் தெருவரைக்கும் நின்றார்கள். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"ஏப்பா சரவணா, என்னப்பா இது? நான் ஊசியே போட்டு முடிச்சிர்றேன், உன் கம்ப்யூட்டர் இன்னும் பேரையே தேடிக்கிட்டு இருக்கு! நாளைக்குள்ள சரி பண்ணு, இல்லைன்னா மதுரையில இருந்து வேற ஆளக் கூட்டிட்டு வாரேன்."

மதுரையிலிருந்து ஆள்! எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் என்னைவிட சர்வர் தெரிந்தவன் எவன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். பொருமிக்கொண்டே அந்தச் சின்ன அறைக்குள் போனேன். காரணத்தைப் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். என் குற்றம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

சர்வரில் தகவல் தங்குவது வட்டுகளில். அந்த வட்டுகளை மேய்ப்பதற்கு ஓர் அட்டை உண்டு. கன்ட்ரோலர் என்போம். அந்த அட்டைக்குள் சின்னதாக ஒரு தற்காலிக நினைவகம். அதைக் கேஷ் என்போம். வருகிற தகவலை வட்டில் எழுதி முடித்த பிறகே 'பதிவானது' என்று சொல்வது ஒரு முறை. மெதுவானது, ஆனால் பத்திரமானது. இன்னொரு முறையில் தகவலைக் கேஷில் வாங்கி வைத்துக்கொண்டு, வட்டில் எழுதுவதற்கு முன்னாலேயே 'பதிவானது' என்று சொல்லிவிடும். வட்டில் பிறகு எழுதிக்கொள்ளும். வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்! ஆனால் இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் மின்சாரம் போனால், கேஷில் இருந்தது போனது போனதுதான். அப்படிப் போகாமல் காப்பதற்காகவே அட்டையில் ஒரு சின்ன பேட்டரி வைத்திருப்பார்கள்.

அந்த மருத்துவமனை சர்வரில் பேட்டரி செத்திருந்தது. பேட்டரி செத்ததும் அட்டை தானாகவே மெதுவான முறைக்கு மாறிக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம். அட்டை தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது!

புது பேட்டரி சென்னையிலிருந்து வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். டாக்டரோ நாளைக்குள் என்கிறார். அந்த அட்டையின் அமைப்புகளில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. பேட்டரி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வேகமான முறையிலேயே ஓடு என்று கட்டாயப்படுத்தலாம். அதைத் தொட்டதும் எச்சரிக்கை வந்தது. மின்சாரம் தடைப்பட்டால் தகவல் இழப்பு நேரலாம், சம்மதமா என்று கேட்டது.

சம்மதம் என்றேன். யாருடைய தகவலுக்கு யார் சம்மதம் சொல்வது? அப்போது இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. இரண்டு வாரம்தானே, யு.பி.எஸ். இருக்கிறதே, ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவுமில்லை.

மறுநாள் காலை சர்வர் பறந்தது. மேரி அக்கா கவுன்ட்டரிலிருந்தே கையைத் தூக்கி, "தம்பி, என்ன மாயம் பண்ணுன? தட்டுன ஒடனே வருதுப்பா!" என்றார். டாக்டர் என் தோளில் கை போட்டார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

இரண்டு வாரத்தில் பேட்டரி வந்தது. அதை மாட்ட வேண்டுமானால் சர்வரை அரை மணி நேரம் நிறுத்த வேண்டும். இன்றைக்குக் கூட்டம், நாளைக்கு விசேஷம் என்று தள்ளிப்போட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை. எல்லாம் நன்றாக ஓடும்போது எதற்கு என்று பேட்டரியைப் பெட்டி பிரிக்காமல் கடை மேசை டிராயரில் போட்டுவைத்தேன். டிராயர் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். மூடிவிடுவேன்.

பதிவு தொலைந்த அந்த நாள் ஒரு மின்தடை நாள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலைவரை மின்சாரம் இருக்காது என்று முந்தின நாளே பேப்பரில் போட்டிருந்தது. படித்தேன். படித்துவிட்டு டீ குடித்தேன். மருத்துவமனையில் ஜெனரேட்டர் ஓடியது. பதினோரு மணி வாக்கில் டீசல் தீர்ந்து நின்றுவிட்டது. ஊற்றிக் கிளப்புவதற்குள் யு.பி.எஸ். கையை விரித்துவிட்டது. சர்வர் பொத்தென்று அணைந்தது.

போன் வந்ததும் ஓடினேன். ஜெனரேட்டரைத் திரும்பக் கிளப்பியிருந்தார்கள். சர்வரை உயிர்ப்பித்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. கேஷில் இருந்த தகவல் இழக்கப்பட்டது. தொடர, ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும்.

எனக்குப் பின்னால் பெரிய டாக்டர் நின்றுகொண்டிருந்தார். "என்னப்பா போட்டிருக்கு?" என்றார்.

"எப்பவும் வர்றதுதான் சார்" என்றேன். விசையை அழுத்தினேன்.

எந்த விசை தெரியுமா? அகலமான இடைவெளி விசை. கட்டைவிரலால். அந்தச் செய்தி மறைந்தது. அதைப் படித்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

கவுன்ட்டரைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். மேரி அக்கா கூப்பிட்டார். "தம்பி, செத்த நேரம் நில்லு. கரண்டு போறப்ப ஏத்திக்கிட்டே இருந்தேன். கடைசியா ஏத்துனதெல்லாம் இருக்கும்ல? டிக்கு வந்துருச்சு, சீட்டக் கிழிச்சுப் போட்டேன். வேணும்னா கூடையில இருந்து பொறுக்கி இன்னொரு தடவ சரி பாக்கட்டுமா?"

கேட்டார்! வாய்விட்டே கேட்டார்! கிழித்த சீட்டுகள் அவர் காலடியில் இருந்தன. 'ஆமாக்கா, சரி பாருங்க' என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பாரே... பேட்டரி விஷயம் வெளியே வருமே... மதுரை ஆள் வருவானே...

"டிக் வந்துருச்சுல்லக்கா? அப்புறம் என்ன? எல்லாம் பத்திரமா இருக்கு" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

தொலைந்தது ஐந்தாறு பதிவுகள். மற்றவை பெரிதில்லை. ஒன்று மட்டும்... ஆத்தூரிலிருந்து முத்துலட்சுமி என்ற பெண் காலில் அரிவாள் வெட்டுப் பட்டு வந்திருந்தார். கணவர் கருப்பையா, காய்கறி விவசாயி. முன்பு வேறோர் இடத்தில் ஒரு குறிப்பிட்ட ஊசி போட்டு மனைவிக்கு மூச்சுத் திணறியதைச் சொல்லி, அந்த மருந்தின் பெயர் எழுதிய காகிதத்தையும் அவர் கவுன்ட்டரில் காட்டியிருக்கிறார். மேரி அக்கா அதை, நோயாளிக்கு ஒவ்வாத மருந்துகளுக்கென்று திரையில் இருக்கும் சிவப்புக் கட்டத்தில் ஏற்றியிருக்கிறார். ஏற்றிவிட்டு அவர்களுக்குத் தைரியமும் சொல்லியிருக்கிறார். "இனிமே நீங்க ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னு இல்லண்ணே. ஏத்தியாச்சு. கம்ப்யூட்டரே டாக்டர்கிட்ட சொல்லிரும்."

மூன்று வாரம் கழித்துப் புண் சீழ் பிடித்து முத்துலட்சுமி மறுபடி வந்தார். புதிதாகச் சேர்ந்திருந்த இளம் டாக்டர் திரையைப் பார்த்தார். சிவப்புக் கட்டம் காலியாக இருந்தது. அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் சொல்லும் என்று நம்பினார்கள். ஊசி போட்டார்கள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முத்துலட்சுமி போய்விட்டார்.

அந்த டாக்டர் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்வீர்கள். கேட்டிருக்கலாம். அது அவருடைய பாவம், அவர் பார்த்துக்கொள்ளட்டும். என் பங்கை இன்னொருவருக்குப் பிய்த்துக் கொடுக்க நான் வரவில்லை.

விசாரணை என்று பெரிய டாக்டரின் அறையில் உட்கார்ந்தோம். மேரி அக்கா நின்றுகொண்டிருந்தார். கருப்பையாவை உள்ளே கூப்பிடக்கூட இல்லை. அவர் வாசலில் மனைவியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியொரு பதிவு இருந்ததா என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

"நான் ஏத்துனேன் சார்! சத்தியமா ஏத்துனேன்! பச்சை டிக்கு வந்துச்சு சார், என் கண்ணால பாத்தேன்!" என்று மேரி அக்கா கதறினார்.

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். "பதிவு இல்ல சார்" என்றேன். அது உண்மைதானே? பதிவு இல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை!

அதோடு விட்டேனா? என் தாராள மனசு பாருங்கள்... அக்காவுக்காகப் பரிந்துவேறு பேசினேன். "பாவம் சார். அம்புட்டுக் கூட்டத்துல மனுஷங்க மறக்கத்தான் செய்வாங்க. வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்க. போலீசு கீலீசுன்னு போயிராதீங்க சார்."

அந்த ஒரு பேச்சில் மேரி அக்காவின் கதை முடிந்தது. நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூடச் சந்தேகம் என்று ஒன்று மிஞ்சியிருக்கும். மறந்தார் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போய்ப் புது பேட்டரியை மாட்டினேன். அமைப்பையும் பழையபடி பத்திரமான முறைக்கு மாற்றினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அதன்பின் மேரி அக்காவை ஐந்து வருடம் நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க வழிகளைக் கண்டுபிடித்தேன். சென்ற ஆண்டு நாகல் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். போனால், கல்லாவுக்குப் பக்கத்தில் மேரி அக்கா காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"தம்பி சரவணா! நல்லாயிருக்கியாப்பா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். கடைப் பையனிடம் எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். கையிலிருந்த காகிதத்தை ஒரு தடவை எண்ணினார். திரும்ப எண்ணினார். மூன்றாவது தடவையும் எண்ணினார்.

"எதையும் நம்ப முடியல தம்பி. வீட்டப் பூட்டிட்டு நாலு தடவ திரும்பப் போய்ப் பாக்குறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அன்னைக்கு ஏத்துனேன் ஏத்துனேன்னு நான் சாதிச்சேன்ல? இல்ல தம்பி. நான் ஏத்தல. ரொம்ப நாளா யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். இப்ப நல்லா நெனப்பு வருது. சீட்ட எடுத்தேன், யாரோ கூப்பிட்டாங்க, ஏத்தாமயே கிழிச்சுட்டேன். அந்த டிக்கு முந்தின ஆளோடது."

நடக்காத ஒன்று அவருக்கு நினைவில் வந்திருந்தது! யார் கூப்பிட்டது, எந்தக் கையால் கிழித்தார் என்பதுவரைக்கும் சொன்னார். நான் செய்தது அவர் வேலையைப் பறித்ததோடு நிற்கவில்லை. அவருடைய கண்ணையே அவர் நம்பாதபடி செய்துவிட்டது.

"அன்னைக்கு எனக்காகப் பேசுனது நீ ஒரு ஆளுதான். ஒனக்காக நான் செபம் பண்ணாத நாளில்ல" என்றார். நான் பிரின்டருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் அந்த உதவியைக் கேட்டார். கருப்பையாவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். தனியாகப் போகப் பயமாக இருக்கிறதாம். வண்டியில் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டார். முடியாது என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருந்தது?

அடுத்த சனிக்கிழமை ஆத்தூருக்குப் போனோம். கருப்பையா வீட்டு வாசலில் சின்ன வெங்காயத்தைக் கொட்டிப் புடைத்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்ததும் எழுந்து, சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை.

"அண்ணே, எந்தப்புதாண்ணே. நான் ஏத்தல. மறந்துட்டேன். ஏத்தாமயே ஏத்துனேன்னு ஒங்ககிட்ட சொல்லிட்டேன். முத்துலட்சுமி அக்காவ நான்தாண்ணே கொன்னுட்டேன்" என்று அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

கருப்பையாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. குழப்பம்தான் வந்தது.

"என்னம்மா இப்பிடிச் சொல்ற? நான் அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கந்தான நின்னேன். எம் பொண்டாட்டி பேரத் தட்டுன, மருந்துப் பேர எழுத்துக்கூட்டித் தட்டுன. பச்சையா ஒண்ணு வந்துச்சு. அதுக்கப்புறந்தான சீட்டக் கிழிச்ச? ஊரெல்லாம் ஒன்னையத் திட்டுனப்பகூட நான் சொன்னேன், அந்தம்மா ஏத்துச்சுய்யா, நான் பாத்தேன்னு. என்னைய எவன் கேட்டான்?"

பார்த்திருக்கிறார்! ஐந்து வருடமாக ஒரு மனிதர் உண்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

அக்கா தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். "இல்லண்ணே, அது முந்தின ஆளோடது..."

கருப்பையா என் பக்கம் திரும்பினார். "அப்பு, நீங்க கம்ப்யூட்டர் ஆளுங்கிறாங்க. நான் படிக்காதவன். நீங்க சொல்லுங்க. நான் பாத்தது நெசமா, இல்லையா?"

இதைவிடச் சுலபமாக எவனுக்காவது ஒரு வாய்ப்பு கிடைக்குமா? இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். நிஜம் அண்ணே. ஒரே ஒரு வார்த்தை. தொண்டைவரைக்கும் வந்தது. என் கடை, என் பெயர், என் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம், எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன.

"கூட்டமா இருந்துச்சுல்லண்ணே... வெளிய இருந்து பாக்குறப்ப சரியாத் தெரியாது. வேற ஆளோடதப் பாத்திருப்பீங்க" என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து முறத்தை எடுத்தார். "அப்ப நானுந்தான் தப்பாப் பாத்துட்டேன் போல" என்றார். "நீங்க படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். புறப்படும்போது கருப்பையா ஒரு பையில் வெங்காயம் அள்ளி என் வண்டியில் மாட்டினார். வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டில் அதை ஒரு வாரம் சமைத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.

கணக்குப் பார்த்தால், சர்வரில் தொலைந்த பிறகும் அந்தப் பதிவு மூன்று பேர் நினைவில் இருந்தது. மேரி அக்காவிடமிருந்து முன்பே போய்விட்டது. கருப்பையாவிடமிருந்து நான் ஆத்தூரில் அழித்தேன். இப்போது என் ஒருவனிடம் மட்டும்தான் இருக்கிறது. எனக்கும் நெஞ்சில் அவ்வப்போது வலிக்கிறது... டாக்டரிடம் போகவில்லை.

அதுதான் எங்களிடம் சொல்லிவிட்டாயே என்கிறீர்களா? கிளம்பிப் போய் அந்த அம்மாவிடம் நீங்களாவது சொல்லிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? முடியாது. பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். நாகல் நகர் முழுக்கத் தேடினாலும் மேரி என்ற பெயரில் அவர் உங்களுக்கு அகப்படமாட்டார்.